இணையவழி அழைப்பு: எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும்

ஓசூரிலிருந்து பெங்களூருக்குப் போகும் பஸ் அத்திப்பள்ளியைத் தாண்டியதும் நம் செல்போன் கர்நாடகத் தொலைபேசி வட்டத்துக்குள் போய்விடும். பத்துப் பன்னிரண்டு வருஷங்களுக்கு முன்பு அந்த எல்லைக் கோட்டுக்கு ஒரு விலை இருந்தது. தமிழ்நாட்டு சிம்மோடு அந்தப் பக்கம் போனால் ரோமிங், கர்நாடக சிம்மோடு இந்தப் பக்கம் வந்தாலும் ரோமிங். வரும் அழைப்பை எடுத்தாலே காசு போகும். தினமும் எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போய்வந்த நானும் என்னோடு வந்தவர்களும் இரண்டு சிம் வைத்திருந்தோம். பாலக்கோட்டுக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் அம்மாவிடம் பேச, சாயங்காலம் பஸ் ஓசூருக்குள் நுழையும்வரை காத்திருப்பேன்.

வாட்ஸ்அப்பில் பேசும் வசதி 2015-ல் வந்தபோது எங்களுக்கு அது பெரிய விடுதலை. டேட்டாவுக்கு அத்திப்பள்ளியும் தெரியாது, ஓசூரும் தெரியாது. 'நெட் கால் போடு, காசு மிச்சம்' என்ற பேச்சு அப்போது உண்மையாக இருந்தது. இன்று உள்நாட்டைப் பொறுத்தவரை அது உண்மையில்லை. 2016 செப்டம்பர் 5-ஆம் தேதி ஜியோ வந்து குரல் அழைப்புக்குத் தனிக் கட்டணம் இல்லை என்றது. அடுத்த ஆண்டில் மற்ற பெரிய நிறுவனங்களும் ரோமிங் கட்டணத்தை நீக்கத் தொடங்கின. இப்போது மாதாமாதம் போடும் ரீசார்ஜில் பேச்சு கணக்கில்லாமல் சேர்ந்தே வருகிறது. பாலக்கோட்டிலிருந்து காரிமங்கலத்துக்கு வாட்ஸ்அப்பில் பேசினால் ஒரு பைசாகூட மிச்சமாகாது. ஆனாலும் அம்மா உட்பட எத்தனையோ பேர் அவசரத்துக்கும் அதைத்தான் முதலில் அழுத்துகிறார்கள். இலவசம் என்று நம்பி ஒரு பழக்கம் வந்தது. அது இலவசம் என்பதற்கு அர்த்தம் போன பிறகும் பழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது. அந்தப் பழக்கத்தால் ஒரு நாள் எங்கள் வீட்டில் நடந்த ஒன்றுதான் என்னை இதை எழுத வைத்தது.

முதலில் இணையவழி அழைப்பு எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். அது புரிந்தால் நன்மை தீமை இரண்டும் தானாகவே விளங்கும்.

பழைய தொலைபேசியில் பாலக்கோட்டிலிருந்து சென்னைக்குப் பேசினால், பேசி முடிக்கும்வரை ஒரு வழி முழுக்க நமக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கும். இருவரும் வாய் திறக்காமல் இருந்தாலும் அந்த வழியில் வேறு யாரும் வர முடியாது. டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சுகள் வந்த பிறகு அந்த வழியின் அகலம் நொடிக்கு 64 கிலோபிட். அவ்வளவு தூரத்துக்கு ஒரு தடத்தையே நமக்காகப் பிடித்துவைத்ததற்குத்தான் எஸ்டிடி என்ற வெளியூர் அழைப்புக் கட்டணம் அத்தனை இருந்தது. இணையவழியில் எதுவும் ஒதுக்கப்படுவதில்லை. நாம் பேசுவதைப் போன் பொடிப்பொடியாக நறுக்குகிறது. வழக்கமாக ஒரு துண்டு 20 மில்லிசெகண்ட், அதாவது நொடிக்கு 50 துண்டுகள். ஒவ்வொன்றின் தலையிலும் முகவரியை எழுதிப் பொதுச்சாலையில் அனுப்பிவிடுகிறது.

தருமபுரியிலிருந்து சேலத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய முறையில், நம் வீட்டாருக்காக நெடுஞ்சாலையில் ஒரு தடத்தையே அடைத்து வைத்துவிடுகிறார்கள். புதிய முறையில், ஐம்பது உறவினர்களும் ஆளுக்கொரு பஸ் பிடித்து வருகிறார்கள். பெரும்பாலும் எல்லோரும் நேரத்துக்கு வந்துவிடுவார்கள். தொப்பூர் கணவாயில் ஒரு லாரி மறித்து நின்றால் நாலைந்து பேர் பின்தங்குவார்கள். மண்டபத்தில் பந்தி விசாரிப்பவர் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பார். அதற்கு மேல் தாமதித்தால் ஏற்கெனவே உட்கார்ந்தவர்கள் எழுந்துவிடுவார்கள் என்று பரிமாற ஆரம்பித்துவிடுவார். பிறகு வருபவருக்கு அந்தப் பந்தியில் இலை கிடையாது.

போனிலும் இதேதான். எதிர்முனையில் இருக்கும் கருவி சில பத்து மில்லிசெகண்ட் காத்திருந்து, வந்த துண்டுகளை வரிசைப்படுத்திக் குரலாக்குகிறது. பிந்தி வந்த துண்டு வந்தும் பயனில்லை, தூக்கி எறியப்படும். நடுவே பேச்சு அறுபடுவதும், தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவதுபோல் குரல் மாறுவதும் இதனால்தான். சரி, கூடுதலாகக் காத்திருந்தால் என்ன? அப்போது வேறு சங்கடம். நாம் சொன்னது அந்தப் பக்கம் போய்ச்சேர 150 மில்லிசெகண்டுக்குள் ஆனால் பேச்சு இயல்பாக இருக்கும் என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம். 400-ஐத் தாண்டினால் இருவரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்தி, 'நீ சொல்லு', 'இல்ல, நீ சொல்லு' என்று தடுமாற வேண்டியதுதான்.

பலரும் கவனிக்காத ஒன்று, இப்போது நாம் 'சாதாரண கால்' என்று சொல்வதும் பெரும்பாலும் இப்படி நறுக்கி அனுப்பப்படுவதுதான். 4ஜி-யில் வோல்டி (VoLTE) என்று திரையில் தெரிகிறதே, அது அதுதான். ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கிடையாது என்பதால் அதன் எல்லா அழைப்புகளுமே அப்படித்தான். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. வோல்டி துண்டுகளுக்கு டவரிலிருந்தே முன்னுரிமை கிடைக்கும். ஆம்புலன்சுக்கு மற்ற வண்டிகள் ஒதுங்குவதுபோல மற்ற டேட்டா ஒதுங்கும். வாட்ஸ்அப் துண்டுகளுக்கு அந்த மரியாதை கிடையாது. தெருவில் இருப்பவர்கள் பார்க்கும் கிரிக்கெட்டோடும் இறக்கும் படங்களோடும் அவையும் வரிசையில் நிற்க வேண்டும். ராத்திரி எட்டு மணிக்கு ஊரே போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் முதலில் தடுமாறுவது செயலி வழி அழைப்புதான்.

இவை இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, வைஃபை காலிங். நம் சொந்த நம்பரிலிருந்து, எந்தச் செயலியும் இல்லாமல், வழக்கம்போல டயல் செய்கிறோம். டவருக்குப் பதிலாக வீட்டு பிராட்பேண்ட் வழியே குரல் நிறுவனத்தைப் போய்ச் சேர்கிறது. இந்தியாவில் 2019 டிசம்பரில் ஏர்டெல்லும், அடுத்த மாதம் ஜியோவும் இதைத் தொடங்கின. போன் செட்டிங்ஸில் ஒரு பொத்தானைத் தட்டினால் போதும். எங்கள் பக்கம் பாறையும் கரடும் அதிகம், கட்டுகிற வீடெல்லாம் கான்கிரீட். மாடியில் நாலு கோடு சிக்னல் இருக்கும், கீழே நடு வீட்டில் ஒன்றும் இருக்காது. அப்படிப்பட்ட வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால் வைஃபை காலிங்கைப்போல உதவும் வசதி வேறில்லை.

செயலிவழி அழைப்பின் உண்மையான பெருமை தெரிய வேண்டுமானால் வெளிநாட்டுப் பேச்சைப் பார்க்க வேண்டும். பாலக்கோட்டில் என் பெரியப்பா எஸ்டிடி பூத் வைத்திருந்தார். மஞ்சள் போர்டு, கண்ணாடிக் கூண்டு, உள்ளே சிவப்பு எண்கள் ஓடும் மீட்டர். மகன் சவூதியில் இருந்த ஒரு அம்மா மாதத்துக்கு ஒருமுறை வருவார். முந்தானையில் முடிந்த பணத்தை முதலில் பெரியப்பாவிடம் கொடுத்துவிட்டு, 'இது தீர்ந்ததும் சொல்லுப்பா' என்பார். பேசும்போது அவர் கண் மீட்டரிலேயே இருக்கும். என்ன சாப்பிட்டான் என்று கேட்பதற்குள் பணம் தீர்ந்துவிடும். அதைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால், இன்று துபாயிலும் மலேசியாவிலும் இருக்கும் பிள்ளைகள் தினமும் முகம் காட்டிப் பேசுவதைச் சின்ன விஷயம் என்று யார் சொன்னாலும் ஏற்க மாட்டேன். வாட்ஸ்அப் குரல் அழைப்புக்கு நிமிஷத்துக்கு அரை எம்.பி. அளவுதான் செலவாகும். ஒரு மணி நேரம் பேசினால் 30 எம்.பி. தினம் ஒன்றரை ஜிபி தரும் ரீசார்ஜில் அது தெரியவே தெரியாது. வீடியோ என்றால் அதைப்போலப் பத்து மடங்கும் அதற்கு மேலும் இழுக்கும்.

குரலின் தரத்தையும் சொல்ல வேண்டும். பழைய தொலைபேசி 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்தியது. 'எஸ்' என்கிற ஒலிக்கும் 'எஃப்' என்கிற ஒலிக்கும் வித்தியாசம் காட்டும் நுண்ணொலிகள் அதற்கு மேலே இருக்கின்றன. போனில் பெயரை எழுத்துக் கூட்டும்போது 'எஸ் ஃபார் சேலம்' என்று சொல்லவேண்டியிருந்தது அதனால்தான். இப்போது வோல்டியும் நல்ல செயலிகளும் ஏறக்குறைய 7,000 ஹெர்ட்ஸும் அதற்கு மேலும் கடத்துகின்றன. காது மந்தமான பெரியவர்களுக்கு இது பெரிய உதவி. காதே கேளாதவர்களுக்கோ வீடியோ அழைப்புதான் முதல் தொலைபேசி. எங்கள் ஊரில் ஒரு தையற்காரர் இருக்கிறார். தையல் மெஷின் மேல் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, ஓசூரில் இருக்கும் மனைவியோடு இரண்டு கையாலும் பேசுவார். தொலைபேசி நம் நாட்டுக்கு வந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் அவருக்கு அது பயன்பட இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

கிருஷ்ணகிரியில் மாங்கூழையும் கிரானைட்டையும் ஏற்றுமதி செய்பவர்களுக்கும் ஓசூர் தொழிற்சாலைகளுக்கும் இதனால் மிச்சமாகும் பணம் கொஞ்சநஞ்சமில்லை. அலுவலக மேஜைகளில் இருப்பது இப்போது இணையம் வழியே பேசும் ஐபி போன்கள்தான். ஒரே எச்சரிக்கை, அந்தப் போன்களை இணைக்கும் அலுவலக இணைப்பகத்தின் பாஸ்வேர்டு எளிதானதாக இருந்தால், எங்கோ இருக்கும் திருடர்கள் உள்ளே நுழைந்து இரவெல்லாம் வெளிநாட்டுக்குப் பேசிவிட்டுப் போவார்கள். பில் உங்களுக்கு வரும்.

இந்த வசதி நம் நாட்டில் மெதுவாகத்தான் அனுமதிக்கப்பட்டது. 1995-லேயே இஸ்ரேல் நிறுவனமான வோக்கல்டெக் கணினி வழிப் பேச்சுக்கு மென்பொருள் விற்றது. இந்தியாவில் இணையம் பொதுமக்களுக்கு வந்ததும் அதே ஆண்டு ஆகஸ்ட் 15-இல்தான். ஆனால் இணையத்தில் பேசுவதற்கு 2002 ஏப்ரல் 1 வரை அனுமதியே இல்லை. அதன் பிறகும் கணினியிலிருந்து கணினிக்கும் வெளிநாட்டு எண்களுக்கும் பேசலாம், இந்திய எண்களுக்குக் கூடாது என்றுதான் விதி. இந்தியாவுக்குள் இருந்தபடி இந்திய எண்களை அழைக்கும் வசதியை ஸ்கைப் என்ற செயலி 2014 நவம்பர் 10-ஆம் தேதி நிறுத்திக்கொண்டது. 2018-ல்தான் உரிம விதி தளர்ந்து, பிஎஸ்என்எல் ஆண்டுக்கு 1,099 ரூபாய்க்கு 'விங்ஸ்' என்ற இணையவழி அழைப்புச் சேவையை அறிவித்தது. நாம் நடுவில் பட்ட பாட்டுக்குக் காரணம் தொழில்நுட்பம் இல்லாமையல்ல, எஸ்டிடி, ஐஎஸ்டி (வெளிநாட்டு அழைப்பு) வருமானமும் கண்காணிப்பு பற்றிய கவலையும்தான். இன்னும் அந்த நிலையிலேயே இருக்கும் நாடுகள் உண்டு. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் எழுதலாம், பேச முடியாது. போட்டிம் போன்ற, அங்கே அனுமதி பெற்ற செயலிகள் வழியாகத்தான் பேச வேண்டும். துபாய்க்குப் புதிதாகப் போகிற பிள்ளைகள் புறப்படும் முன்பே வீட்டுப் போனில் அந்தச் செயலியை ஏற்றிவைத்துவிட்டுப் போவது நல்லது. போன பிறகு, 'பையன் பேசவே மாட்டேங்கிறான்' என்று வீட்டில் இருப்பவர்கள் கலங்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

இனி அது கைவிடும் இடங்கள்.

போன ஐப்பசி மழையில் எங்கள் ஊரில் மதியம் கரண்ட் போனது. அம்மா வீட்டுக்குப் பின்னால் பெரிய பாறை, வீட்டுக்குள் டவர் எடுக்காது. அதற்காக நானே பிராட்பேண்ட் போட்டு, வைஃபை காலிங் வைத்துக் கொடுத்திருந்தேன். அதோடு அம்மாவின் பழைய பட்டன் போனையும் வாங்கி அலமாரியில் வைத்துவிட்டேன். கரண்ட் போனதும் மோடம் அணைந்தது. மோடத்தோடு வாட்ஸ்அப், வைஃபை காலிங் இரண்டும் போயின. அம்மா புழக்கடையில் வழுக்கி விழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே நகர்ந்து வந்து போனை எடுத்திருக்கிறார். என் படத்தை அழுத்த அழுத்த அது சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. பக்கத்து வீட்டு அத்தை வந்து பார்க்கும்வரை மூன்று மணி நேரம். எலும்பு முறியவில்லை. மறுநாள் நான் போய் உட்கார்ந்ததும் அம்மா கேட்டது ஒரே கேள்விதான்: "கரண்ட் போனா போனும் போயிடுமாடா? உங்க பெரியப்பா பூத்துல அப்படிப் போகாதே."

அம்மா சொன்னது சரி. செம்புக் கம்பியில் வந்த பழைய லேண்ட்லைனுக்கு வேண்டிய மின்சாரம் அதே கம்பியில்தான் வந்தது. எக்ஸ்சேஞ்சில் பெரிய பேட்டரிகளும் ஜெனரேட்டரும் வைத்து 48 வோல்ட் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஊர் முழுக்க இருட்டானாலும் ரிசீவரை எடுத்தால் டயல் டோன் கேட்கும். இப்போது வரும் கண்ணாடி இழைக் கம்பியில் வெளிச்சம் மட்டும்தான் வரும், மின்சாரம் வராது. அந்தப் பொறுப்பு சத்தமில்லாமல் நம் வீட்டுக்கு மாறிவிட்டது. யாரும் நம்மிடம் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. மோடத்துக்கென்றே 12 வோல்ட் சின்ன யுபிஎஸ் கடைகளில் கிடைக்கிறது, சில மணி நேரம் தாங்கும். ஆனால் தெருமுனையில் இருக்கும் கேபிள்காரர் பெட்டிக்கும் கரண்ட் இருந்தால்தான் அதனால் பலன்.

அன்று அம்மா 108-ஐயும் அழைக்கப் பார்த்திருக்கிறார். வாட்ஸ்அப்பில் 108-ஐயோ 112-ஐயோ அழைக்கவே முடியாது, கரண்ட் இருந்தாலும் முடியாது. அந்தச் செயலிக்கு அதற்குள் இருப்பவர்களை மட்டும்தான் தெரியும். தொலைபேசி எண் என்பது அப்படியல்ல. எந்த நிறுவனத்து எண்ணிலிருந்தும் எந்த நிறுவனத்து எண்ணுக்கும் பேசலாம் என்பது சட்டப்படி இருக்கும் ஏற்பாடு. செயலிகள் ஒவ்வொன்றும் தனித்தனித் தீவு, அந்தத் தீவின் சொந்தக்காரர் கதவைச் சாத்தினால் நமக்கு வேறு வழியில்லை. 2021 அக்டோபர் 4 இரவு ஒன்பது மணிக்கு மேல் வாட்ஸ்அப் உலகம் முழுக்க நின்றது, திரும்ப வர ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆனது. இணையப் பேச்சுக்கே பெயராக இருந்த ஸ்கைப் 2025 மே 5-ஆம் தேதியோடு மூடப்பட்டுவிட்டது.

மலை ஊர்களின் நிலைமை இன்னும் கடினம். சித்தேரி, வத்தல்மலை, அஞ்செட்டிப் பக்கம், பெட்டமுகிலாளம் போகிறவர்களுக்குத் தெரியும், பாறையின் எந்த விளிம்பில் நின்றால் ஒரு கோடு வரும் என்று. 2ஜி-யில் அந்த ஒரு கோடு இருந்தால் பேச்சு நடந்துவிடும், அதில் வாட்ஸ்அப் அழைப்பு நடக்காது. 4ஜி இல்லாத 24,680 கிராமங்களுக்கு டவர் அமைக்க 2022 ஜூலையில் 26,316 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அந்த வேலை எல்லா மலைக்கும் போய்ச் சேரும்வரை, 'எல்லோரிடமும் வாட்ஸ்அப் இருக்கிறதே' என்று அரசு அலுவலகமும் பள்ளிக்கூடமும் நினைத்துவிடக் கூடாது.

அடுத்தது மோசடி. இணையவழி அழைப்பில், யார் அழைக்கிறார்கள் என்ற எண்ணை எழுதி அனுப்புவது அழைப்பவருடைய கருவி. அதில் பொய் எழுதுவது சுலபம். கம்போடியாவிலிருந்து பேசுகிறவர் +91 என்று தொடங்கும் எண்ணைக் காட்டலாம். 2024 அக்டோபர் 22-ஆம் தேதி, வெளிநாட்டிலிருந்து இந்திய எண் வேஷத்தில் வரும் அழைப்புகளைத் தடுக்கும் அமைப்பை மத்தியத் தொலைத்தொடர்புத் துறை தொடங்கியது. முதல் 24 மணி நேரத்தில் மாட்டியவை சுமார் 1 கோடியே 35 லட்சம். இன்னொரு வழியும் இருக்கிறது. நூற்றுக்கணக்கான சிம்களைச் செருகிய பெட்டி ஒன்றை வாடகை வீட்டில் வைத்து, இணையத்தில் வரும் வெளிநாட்டு அழைப்பை உள்ளூர் அழைப்பாக மாற்றிவிடுவார்கள். வீடியோ அழைப்பில் போலீஸ் உடையில் வந்து 'உங்களை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம், கேமராவை அணைக்காதீர்கள்' என்று மிரட்டிப் பணம் பறிப்பதும் பெரும்பாலும் இப்படி வரும் ஒரு அழைப்பில்தான் தொடங்குகிறது. அப்படி ஒரு கைது நம் நாட்டுச் சட்டத்திலேயே கிடையாது. அழைப்பைத் துண்டித்துவிடலாம், ஒன்றும் ஆகாது. பணம் போயிருந்தால் உடனே 1930-க்கு அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அந்த அளவுக்கு அதை வழியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்புண்டு.

ரகசியம் காப்பதில் செயலிக்கு ஒரு மதிப்பெண் கூடுதலாகவே கொடுக்கலாம். வாட்ஸ்அப்பில் பேசுவதை நடுவில் இருக்கும் யாரும், அந்த நிறுவனமேகூட, கேட்க முடியாதபடி 2016 முதல் பூட்டியிருக்கிறார்கள். என்றாலும் யார் யாரோடு எப்போது பேசினார்கள் என்ற விவரம் அந்தப் பூட்டுக்குள் அடங்காது. 2019-ல் அந்தச் செயலியில் இருந்த ஓட்டை வழியாக, வெறுமனே அழைப்பு விடுத்தே சுமார் 1,400 பேரின் போனுக்குள் உளவு மென்பொருளை நுழைக்கப் பார்த்தார்கள். அழைப்பை எடுக்கக்கூடத் தேவையிருக்கவில்லை. அப்டேட் கேட்டால் தள்ளிப்போடாமல் போட்டுவிட வேண்டும் என்று நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது இதனால்தான்.

அப்புறம் எங்கள் வீட்டில் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். மோடத்துக்குச் சின்ன யுபிஎஸ் வாங்கிப் போட்டேன். அலமாரியில் இருந்த பட்டன் போனைத் திரும்ப எடுத்து, டவர் கிடைக்கும் இடம் தேடி, புழக்கடை ஜன்னலில் ஒரு பை மாட்டி அதில் வைத்தோம். டேட்டா வேண்டாதவர்களுக்குப் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள ரீசார்ஜைத் தனியாகத் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் விதி செய்தது. அந்த ரீசார்ஜைத்தான் இதற்குப் போடுகிறேன். 1-ஆம் எண்ணை அழுத்திப் பிடித்தால் அத்தைக்குப் போகும், 2 எனக்கு. 108 என்று பெரிய எழுத்தில் எழுதி ஜன்னல் கதவில் ஒட்டியிருக்கிறேன்.

சாயங்காலம் ஏழரைக்கு வழக்கம்போல வாட்ஸ்அப் வீடியோதான். பேத்தியின் முகத்தைப் பார்க்காமல் அம்மாவுக்குச் சாப்பாடு இறங்காது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் அம்மா புழக்கடைக்குப் போய்ப் பட்டன் போனில் 2-ஐ அழுத்த வேண்டும். "லைன் இருக்குடா, வெச்சிடறேன்" என்பார். அரை நிமிஷம்கூட ஆகாது.